மிஸ்ஸி அக்கா பதில்கள்: காசு இறுகும் காலத்தில் தாதியர் பாடு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். காப்புறுதி பிரீமியம் ஏறிவிட்டது, மருத்துவமனைகளில் ஆள் எடுப்பதில்லை என்று பேச்சு அடிபடுகிறது, மகளைத் தாதிமைக்கு அனுப்பலாமா, இருக்கிற வேலை நிலைக்குமா, பேசாமல் சிங்கப்பூர் போய்விடலாமா. அதனால் மூட்டுவலி, சர்க்கரைக் கேள்விகளை எல்லாம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம். அரசு வார்டிலும் இருந்தவள், பினாங்கில் தனியார் மருத்துவமனையில் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: மகள் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு தாதிமை டிப்ளோமா படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். "நாடே நொடிச்சுப் போனாலும் மிஸ்ஸி வேலைக்குப் பஞ்சம் வராது, மனுசனுக்கு நோய் வராமலா இருக்கும்?" என்கிறார் என் அண்ணன். நம்பி அனுப்பலாமா? – ஒரு தாயார், பட்டர்வொர்த்

பதில்: உங்கள் அண்ணன் சொல்வதில் பாதிதான் சரி அம்மா. நோய் நிற்காது, உண்மை. ஆனால் வார்டு நிறைய நோயாளி இருப்பது ஒன்று, அவர்களைப் பார்க்க ஆள் போடக் காசு இருப்பது இன்னொன்று. நெருக்கடி வந்தால் முதலாவது கூடும், இரண்டாவது குறையும்.

நம் மலேசியாவிலேயே நடந்த கதை இது. 2000க்குப் பிறகு தனியார் தாதிமைக் கல்லூரிகள் தெருவுக்குத் தெரு வந்தன. பிடிபிடிஎன் என்கிற அரசாங்கக் கல்விக் கடன் கிடைக்கும், எஸ்.பி.எம்.மில் 3 கிரெடிட் இருந்தால் இடம் உண்டு, படித்து முடித்த கையோடு வேலை என்று விளம்பரம். 2008இல் உலகப் பொருளாதாரம் ஆட்டம் கண்டது, 2009இல் நம் நாட்டுப் பொருளாதாரமும் சுருங்கியது. பிள்ளைகள் படித்து வெளியே வந்தபோது தனியார் மருத்துவமனைகள் அனுபவம் உள்ளவர்களைத்தான் கேட்டன. வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? டிப்ளோமாவைக் கையில் வைத்துக்கொண்டு மருந்துக்கடையிலும் பேரங்காடிக் கவுண்டரிலும் நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், கடன் மட்டும் மாதாமாதம் கதவைத் தட்டும். 2010இல் அரசாங்கம் புதிய தாதிமைப் படிப்புகளுக்குத் தடை போட்டது, சேருவதற்கு 5 கிரெடிட் வேண்டும் என்று வரம்பை உயர்த்தியது. சரி, பிரச்சினை தீர்ந்ததா? கல்லூரிகள் சுருங்கின, சேருகிறவர்கள் குறைந்தார்கள், பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து "தாதி கிடைக்கவில்லை, தாதி கிடைக்கவில்லை" என்று அதே மருத்துவமனைகள் அலற ஆரம்பித்தன, 2023இல் வெளிநாட்டுத் தாதியரை எடுக்க விதியைத் தளர்த்தும் அளவுக்கு வந்து நின்றோம்.

பிலிப்பீன்ஸ் நாட்டிலும் இதேதான், இன்னும் கொடுமையாக. அமெரிக்கா அள்ளிக்கொண்டு போகிறது என்று லட்சக்கணக்கில் தாதிமை படித்தார்கள், 2008க்குப் பிறகு அமெரிக்காவின் கதவு சாத்திக்கொண்டது, படித்த பிள்ளைகள் அனுபவச் சான்றிதழுக்காகச் சம்பளமில்லாமல் வேலை செய்தார்கள், சில இடங்களில் மருத்துவமனைக்கே காசு கட்டி வேலை செய்தார்கள்.

இதை எல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. டிப்ளோமா மூன்று வருடம். இன்றைக்குச் சந்தை எப்படி இருக்கிறது என்பது உங்கள் மகளுக்கு உதவாது, அவள் வெளியே வரும்போது எப்படி இருக்கும் என்பதுதான் கணக்கு, பெரும்பாலும் அது இன்றைய நிலைக்கு நேர்மாறாகவே இருந்திருக்கிறது. எல்லோரும் தயங்குகிற காலத்தில் சேருகிற பிள்ளைக்கு உண்மையில் வாய்ப்பு அதிகம். ஆனால் கல்லூரியைப் பார்த்துச் சேருங்கள். முதலில் சுகாதார அமைச்சின் கல்லூரிகளுக்கு மனு போடுங்கள். தனியார் என்றால் கட்டடத்தையும் நீச்சல் குளத்தையும் பார்க்காமல், தாதியர் வாரியத் தேர்வில் போன வருடம் எத்தனை பேர் முதல் தடவையிலேயே தேறினார்கள், பிள்ளைகளைப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், இந்த இரண்டையும் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், ரத்தத்தைப் பார்த்தால் மயங்குவாளா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது ஒரு மாதத்தில் பழகிவிடும். விடியற்காலை மூன்று மணிக்கு, படுக்கையை நனைத்துவிட்டு வெட்கப்படும் எழுபது வயதுக்காரரிடம் முகம் சுளிக்காமல் "பரவாயில்லை தாத்தா, இப்படித் திரும்புங்க" என்று சொல்ல வருமா, அதைப் பாருங்கள்.

கேள்வி: நான் இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். வார்டில் கட்டில்கள் காலியாக இருக்கின்றன. ஓவர்டைம் நின்றுவிட்டது, யாராவது விலகினால் பதிலுக்கு ஆள் போடுவதில்லை. அடுத்து எங்களைத்தான் அனுப்புவார்களா அக்கா? – வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: நீ சொல்கிற வரிசை சரியாகத்தான் இருக்கிறது தங்கச்சி. முதலில் ஓவர்டைம் போகும். அப்புறம் பகுதிநேர ஆட்கள். அப்புறம் காலியிடத்தை நிரப்பாமல் விடுவது. போனஸ். பயிற்சிக்கு அனுப்புவது. ஆட்குறைப்பு கடைசிக் கட்டம், பல இடங்களில் அதுவரை போவதே இல்லை, ஏனென்றால் விலகிப் போகிறவர்களாலேயே எண்ணிக்கை தானாகக் குறைந்துவிடும். கஷ்டம் என்னவென்றால் மிச்சம் இருப்பவர்கள் போனவர்களின் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

பினாங்குக்கு என்று தனிப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. இங்கே தனியார் மருத்துவமனைகள் உள்ளூர்க்காரர்களை மட்டும் நம்பி நடப்பவை அல்ல. மேடானிலிருந்தும் ஆச்சேயிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், லிஃப்டில் ஏறினால் பாதிப் பேச்சு இந்தோனேசிய மொழியில்தான் இருக்கும். இது எப்படி வந்தது தெரியுமா? 1997, 98 நெருக்கடியில் நம் ஆட்களுக்குத் தனியார் கட்டணம் கட்ட முடியாமல் போனது, அரசு மருத்துவமனைக்குத் திரும்பினார்கள், தனியார் கட்டில்கள் காலியாயின, அப்போதுதான் 1998இல் வெளிநாட்டு நோயாளிகளை அழைத்து வரும் திட்டத்தை அரசாங்கமே கையில் எடுத்தது. அந்த வழியில் வளர்ந்து வளர்ந்து 2019இல் நாடு முழுவதும் 12 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சிகிச்சைக்கு வந்தார்கள். ஆகவே ஒரு நெருக்கடியிலிருந்து தப்பிக்கப் பிடித்த வழி, மற்ற நாட்டு நெருக்கடியையும் நம் வார்டுக்குள் கொண்டுவந்து விட்டது. இந்தோனேசிய ரூப்பியா விழுந்தால் ஆயர் ஈத்தாமில் உன் ஓவர்டைம் விழுகிறது. 2020 மார்ச்சில் கோவிட் வந்து எல்லையை மூடியபோது என்ன ஆனது என்று உனக்கே தெரியும்; ஒரு பக்கம் அரசு மருத்துவமனையில் தாதியர் முழு உடைக்குள் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள், இன்னொரு பக்கம் தனியாரில் வருடாந்தர விடுப்பைத் தீர்க்கச் சொன்னார்கள், சிலரைச் சம்பளமில்லா விடுப்பில் போகச் சொன்னார்கள். அமெரிக்காவிலேயே அந்த ஏப்ரல் ஒரே மாதத்தில் சுகாதாரத் துறையில் 14 லட்சம் வேலைகள் போயின. கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவமனை ஆட்களுக்கு வேலை போகும் என்று யாராவது நினைத்திருப்பார்களா? அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளை நிறுத்தினால் வருமானம் நிற்கும், அவ்வளவுதான் கணக்கு.

நோயாளி குறைந்த நாளில் காலை ஏழு மணிக்கு ரிப்போர்ட் கொடுத்து முடித்ததும் சிஸ்டர் தலையை எண்ணுவார், "நீ இன்னிக்கு ஆர்த்தோவுக்குப் போ" என்பார். அங்கே டிரெஸ்ஸிங் செட் எந்த அலமாரியில் என்று தெரியாது, எந்த டாக்டர் எதற்குக் கத்துவார் என்று தெரியாது, அந்த வார்டு ஆட்களும் உன்னை விருந்தாளியாகத்தான் பார்ப்பார்கள். எரிச்சலாக இருக்கும். ஆனால் இந்த மாதிரி காலத்தில் மறுக்காமல் போய் வா, நாலு வார்டு தெரிந்தவளை அனுப்ப மேட்ரனுக்கு மனசு வராது. ஐசியூ, டயாலிசிஸ், அறுவை அரங்கு என்று ஏதாவது ஒன்றில் போஸ்ட் பேசிக், அதாவது டிப்ளோமாவுக்குப் பிந்திய சிறப்புப் பயிற்சி, முடித்திருந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் ஓவர்டைம் இல்லாத இந்த நேரம்தான் படிக்க நேரம்.

ஒருவேளை ஆட்குறைப்பு வந்தேவிட்டால் உன் உரிமை என்ன என்று தெரிந்து வைத்துக்கொள். மாதச் சம்பளம் 4,000 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டாதவர்களுக்கு, ஒரு வருடம் வேலை செய்திருந்தால், சட்டப்படி இழப்பீடு உண்டு: இரண்டு வருடத்துக்கும் குறைவாக வேலை செய்திருந்தால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் என்றால் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். சம்பளம் அதைவிட அதிகமென்றால் உன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலை காப்புறுதித் திட்டம். 2018இல் தொடங்கியபோது வகுத்தபடி முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு இறங்கி இறங்கி ஆறு மாதம் வரை கொடுப்பார்கள், கணக்குக்கு எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. வேலை போன 60 நாளுக்குள் மனு போட வேண்டும். கோபத்தில் நீயாக ராஜினாமா கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டால் இது கிடைக்காது, இதை மட்டும் மறக்காதே.

கேள்வி: அரசு மருத்துவமனையில் மெடிக்கல் வார்டில் இருக்கிறேன். நாட்டில் காசு இல்லை என்கிற காலத்தில்தான் எங்களுக்குக் கூட்டம் கூடுகிறது. கூட்டம் கூடினால் ஆளும் கூட்ட வேண்டாமா? ஏன் செய்ய மாட்டேன் என்கிறார்கள்? – தாதி, கோலாலம்பூர்

பதில்: ஏன் கூட்டம் என்பது சுலபம். வெளிநோயாளிப் பிரிவில் ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. தனியாரில் கதவைத் திறந்து உள்ளே போனாலே நூறு. வேலை போனவருக்கு முதலாளி கொடுத்த மருத்துவ அட்டையும் போகும். சொந்தக் காப்புறுதி வைத்திருப்பவர்கள் பிரீமியம் தாங்காமல் விட்டுவிடுகிறார்கள், 2024 கடைசியில் அந்த ஏற்றத்தைப் பார்த்துப் மத்திய வங்கியான பேங்க் நெகாராவே தலையிட்டு, ஒரே அடியாக ஏற்றாமல் சில வருடங்களுக்குப் பரப்பி ஏற்றச் சொன்ன அளவுக்குப் போனது. காசு இல்லாதவர்கள் மருந்தைப் பாதியாக வெட்டிச் சாப்பிடுவார்கள், செக்கப்புக்கு வராமல் தள்ளிப்போடுவார்கள், கடைசியில் கால் அழுகி வருவார்கள். மூன்று நாளில் வீட்டுக்குப் போக வேண்டியவர் மூன்று வாரம் படுத்திருப்பார். தலை எண்ணிக்கையை வைத்து அறிக்கை எழுதுகிறவருக்கு இது தெரியாது, இரவு ஷிப்டில் இருப்பவளுக்குத் தெரியும். கட்டில் எல்லாம் நிறைந்து, நடுவில் கேன்வாஸ் கட்டில் போட்டு, ஒருத்தி மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு ஒரு முனையில் இருக்கும்போது இன்னொரு முனையில் ட்ரிப் முடிந்து மணி அடிக்கும், நடுவில் ஒரு சொந்தக்காரர் "மிஸ்ஸி, அப்பாவுக்கு ஏன் இன்னும் டாக்டர் வரலை?" என்பார். எழுத வேண்டிய சார்ட்டை விடிந்த பிறகு, ஷிப்ட் முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதுவார்கள். அந்த நேரத்துக்கு யார் சம்பளம் கொடுத்தது?

ஆள் ஏன் கூட்டவில்லை என்றால், வரி வருமானம் விழும்போது வரவுசெலவில் வெட்டுவதற்கு மிகச் சுலபமான இடம் காலிப் பணியிடம். ஒருவரை வேலையிலிருந்து அனுப்பினால் செய்தி வரும், தொழிற்சங்கம் கொடி பிடிக்கும். காலியிடத்தை நிரப்பாமல் விட்டால் யாருக்கும் தெரியாது, தாதியருக்கு மட்டும்தான் தெரியும்.

அயர்லாந்தைப் பார்க்கலாம், இந்த விஷயத்தில் நான் பார்த்ததில் தெளிவான பாடம் அதுதான். 2008இல் வங்கிகள் விழுந்தன, 2009இல் அரசாங்க வேலைக்கு ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள், 2010இல் சம்பளத்தை வெட்டினார்கள், 2013இல் தாதியரின் வார வேலை நேரத்தை 37.5 மணியிலிருந்து 39 ஆக்கினார்கள், புதிதாகப் படித்து வந்தவர்களுக்கு 80 விழுக்காடு சம்பளத்தில் இரண்டு வருட வேலை என்றார்கள். பிள்ளைகள் என்ன செய்தார்கள்? பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். பொருளாதாரம் எழுந்து நின்ற பிறகு திரும்பி வாருங்கள் என்று கூப்பிட்டால் யார் வருவார்? வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்க வேண்டியதாகிவிட்டது, 2019 தொடக்கத்தில் தாதியர் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வேலை நேரம் மறுபடி 37.5க்கு வர 2022 ஆயிற்று. நெருக்கடி முடிந்து எத்தனையோ வருடம் கழித்து!

நம் நாட்டிலும் 2024 கடைசியில் வாரத்துக்கு 45 மணி என்று அறிவித்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் தள்ளி வைத்தார்கள். இருக்கிற ஆளை வைத்தே கூடுதல் மணி பிழிவது காகிதத்தில் மட்டும்தான் மலிவு. அலுத்துப்போய் விலகுகிற ஒவ்வொரு சீனியருக்கும் பதிலாக ஒரு ஜூனியரைத் தயாரிக்க எத்தனை வருடம் ஆகும் என்பது எந்தக் கணக்கிலும் வராது. உனக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான் தங்கச்சி: ஆள் குறைவாக இருந்த ஒவ்வொரு ஷிப்டையும் எழுத்தில் பதிவு செய், தேதி, எத்தனை நோயாளி, எத்தனை தாதி. வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை. நாளைக்கு ஏதாவது தவறு நடந்து விசாரணை வந்தால் உன்னைக் காப்பாற்றுவதும் அதுதான்.

கேள்வி: சுருக்கமாகச் சொல்லுங்கள் அக்கா, கஷ்ட காலத்தில் அரசு வேலை நல்லதா, தனியார் நல்லதா? – செந்தூல்

பதில்: உள்ளே இருப்பவருக்கு அரசு. உள்ளே நுழைய முயல்பவருக்கு எது முதலில் கதவைத் திறக்கிறதோ அது.

கேள்வி: பிள்ளைகள் பிறந்த பிறகு தாதி வேலையை விட்டுவிட்டேன், பன்னிரண்டு வருடமாக வீட்டில்தான். இப்போது கணவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை போய்விட்டது. நான் திரும்பிப் போகலாம் என்றால் அவருக்கு அது அவமானமாகத் தெரிகிறது. வயது 41. என்னை எடுப்பார்களா? – வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: முதலில் வயதை விடுங்கள். 41 எல்லாம் ஒரு வயதா!

நீங்கள் செய்ய நினைப்பது உலகம் முழுக்க நெருக்கடிக் காலத்தில் தாதியர் செய்வதுதான். அமெரிக்காவில் பீட்டர் பியூர்ஹவுஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் இதைப் பல வருடம் கணக்கெடுத்தார்கள். 2007, 2008 இரண்டே வருடத்தில் அங்கே மருத்துவமனைகளில் முழுநேரக் கணக்கில் 2 லட்சத்து 43 ஆயிரம் தாதியர் கூடினார்கள் என்று எழுதினார்கள். கணவருக்கு வேலை போனது, அல்லது போய்விடுமோ என்ற பயம். வீட்டில் இருந்தவர்கள் திரும்பினார்கள், பாதிநேரம் பார்த்தவர்கள் முழுநேரமானார்கள், ஓய்வு பெறவிருந்தவர்கள் இன்னும் இரண்டு வருடம் என்று தள்ளிப் போட்டார்கள். வருடக்கணக்கில் தீராத தாதியர் பற்றாக்குறை திடீரென்று தீர்ந்துவிட்ட மாதிரி தெரிந்தது. அது நீர்க்குமிழி, நிலைமை சீரானதும் இவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், நம்பிப் பயிற்சி இடங்களைக் குறைத்துவிடாதீர்கள் என்று அப்போதே எச்சரித்தார்கள். இன்னொரு பக்கம் அனுபவசாலிகள் திரும்பி வந்ததால் புதுப் பிள்ளைகளுக்கு இடம் இல்லாமல் போனது, கலிஃபோர்னியா மாதிரி இடங்களில் படித்து முடித்து ஒரு வருடத்துக்கு மேல் வேலை தேடியவர்கள் ஏராளம்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். வாரியத்தில் பெயர் பதிந்திருந்தால் மட்டும் போதாது, அந்தந்த வருடத்துக்கான தொழில் சான்றிதழ், அதுதான் ஏபிசி, கையில் இல்லாமல் ஒரு நாள்கூட வேலை பார்க்க முடியாது. இவ்வளவு பெரிய இடைவெளிக்குப் பிறகு என்னென்ன கேட்பார்கள் என்பதைத் தாதியர் வாரியத்திடமே நேராகக் கேளுங்கள், பழைய தோழி சொன்னாள் என்று நம்பிப் போகாதீர்கள். அது நடக்கும்போதே சிபிஆர் பயிற்சியைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள், தொடர் தொழிற்கல்விக்கான சிபிடி புள்ளிகள் சேரும் வகுப்புகளுக்குப் போங்கள். பன்னிரண்டு வருடத்தில் இன்ஃபியூஷன் பம்பிலிருந்து சார்ட் வரைக்கும் எல்லாம் கணினிக்குப் போய்விட்டது, முதல் மாதம் உங்கள் மகள் வயதுப் பெண்ணிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டியிருக்கும். கேளுங்கள். முதலிலேயே பெரிய மருத்துவமனையில் மூன்று ஷிப்ட் வேலைக்குக் குதிக்க வேண்டாம். டயாலிசிஸ் மையம், கிளினிக், முதியோர் பராமரிப்பு இல்லம், இவற்றில் தொடங்கினால் உடம்புக்கும் பழகும். டயாலிசிஸுக்கு நெருக்கடி காலம் என்று ஒன்று கிடையாது, வாரத்துக்கு மூன்று நாள் வந்தே ஆக வேண்டும், ஏழையோ பணக்காரரோ.

உங்கள் வீட்டுக்காரர் விஷயம். அவருக்கு வேலை போனது அவர் தவறில்லை, அதை அவரிடம் நீங்கள் சொல்வதைவிட அவர் கூட்டாளி யாராவது சொன்னால் காதில் ஏறும். ஆனால் ஒன்று, நீங்கள் நைட் ஷிப்ட் முடித்து வந்து சமையலும் செய்து பிள்ளைகளின் பள்ளிச்சட்டையும் தேய்க்க வேண்டும் என்றால் இந்த ஏற்பாடு ஆறு மாதம் தாங்காது. வேலைக்குச் சேருவதற்கு முன்பே அதைப் பேசி முடித்துவிடுங்கள். அவர் சமைக்கிறார் என்று ஊரில் யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தால் அவர்களை வந்து மின்சார பில்லைக் கட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பொருளாதாரம் சரியும்போது சாவு எண்ணிக்கை குறையும் என்று ஓர் ஆங்கிலக் கட்டுரையில் படித்தேன். இது என்ன உளறல்? – மாணவர், கிள்ளான்

பதில்: கேட்க உளறல் மாதிரி இருக்கும் தம்பி, ஆனால் அமெரிக்க அளவில் ஆதாரம் உண்டு. கிறிஸ்டஃபர் ரூம் என்ற பொருளியல் அறிஞர் 2000இல் எழுதிய கட்டுரையிலிருந்தே இந்த விவாதம் நடக்கிறது. சாலையில் வண்டி குறையும், விபத்து குறையும், காற்று கொஞ்சம் சுத்தமாகும் என்று பல காரணம். தற்கொலை மட்டும் கூடும், அதை மறக்கக்கூடாது.

இதில் எனக்குச் சுவாரசியமானது 2015இல் ஆன் ஸ்டீவன்ஸ் என்பவரும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு. நல்ல காலத்தில் கூடுகிற சாவுகளில் பெரும்பங்கு வயதானவர்கள், அதிலும் முதியோர் இல்லங்களில் இருக்கும் பெண்கள் என்று கண்டார்கள். முதியோருக்கும் வேலைச் சந்தைக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் அவர்களைப் பார்த்துக்கொள்கிற ஆட்கள் வழியாக வருகிறது. ஊரில் வேலை தாராளமாகக் கிடைக்கும்போது குறைந்த சம்பளத்துக்கு டயப்பர் மாற்றிப் படுக்கை திருப்பிப் போட யாரும் நிற்பதில்லை. ஆள் குறைகிறது, படுக்கைப் புண் கூடுகிறது. சரிவு வந்தால் ஆள் திரும்புகிறார்கள். பொருளாதாரம் விழுவது நல்லது என்று இதற்குப் பொருள் கிடையாது. அந்த வேலைக்கு எப்போதும் நியாயமான சம்பளம் கொடுத்திருந்தால் நல்ல காலத்திலும் ஆட்கள் நின்றிருப்பார்கள், அவ்வளவுதான். இங்கே பினாங்கில் வீட்டுக்கு வீடு மாதிரி முளைத்திருக்கிற முதியோர் இல்லங்களில் ஒன்றுக்கு ஒரு நாள் மத்தியானம் போய், ஒரு ஆள் எத்தனை பேருக்குச் சோறு ஊட்டுகிறார் என்று பார், உனக்கே புரியும்.

கேள்வி: சிங்கப்பூர் மருத்துவமனைக்கு மனு போட்டிருக்கிறேன். இங்கே மருத்துவமனையோடு இன்னும் இரண்டு வருட பாண்ட், அதாவது வேலை செய்தே தீர வேண்டிய ஒப்பந்தம், இருக்கிறது. அங்கேயும் சரிவு வந்தால் வெளிநாட்டுக்காரியான என்னைத்தானே முதலில் அனுப்புவார்கள்? – வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு நம் காசு மூன்றுக்கு மேல். இதற்கு முன்னால் நான் என்ன நியாயம் பேசினாலும் எடுபடாது என்று எனக்குத் தெரியும். அங்கே பொதுத் துறையில் தாதியரைப் பிடித்து வைக்க 2024இல் ஏஞ்சல் என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள், 20 வருடம் நின்றால் மொத்தம் ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை, வெளிநாட்டுத் தாதியரும் நாலு வருடம் வேலை பார்த்த பிறகு அதற்குள் வரலாம். வயதானவர்கள் கூடிக்கொண்டே போகிற நாடு அது. அங்கே சரிவு வந்தாலும் உன்னைச் சீக்கிரம் அனுப்ப முடியாது என்பது என் கணிப்பு. ஆனால் உன் வேலை பெர்மிட் முதலாளி கையில் இருக்கிறது என்பதும் உண்மை, அவசரத்துக்கு மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொள்.

வெளிநாடு என்றாலே நிரந்தரப் பாதுகாப்பு என்று நினைக்காதே. இங்கிலாந்தை எடுத்துக்கொள். பல வருடம் சம்பளத்தை ஒரு விழுக்காட்டுக்கு மேல் ஏற்றாமல் இறுக்கிப் பிடித்தார்கள், ஆள் போதவில்லை என்று இந்தியா, பிலிப்பீன்ஸ், நைஜீரியா எல்லாம் போய் அள்ளி வந்தார்கள். 2022 டிசம்பரில் தாதியர் கல்லூரி என்கிற அவர்கள் சங்கம் தன் 106 வருட வரலாற்றில் இல்லாத அளவுக்குப் பெரிய வேலைநிறுத்தம் நடத்தியது. அதிலிருந்து மூன்று வருடம்கூட ஆவதற்குள், மருத்துவமனைகளில் காசு இல்லை என்று ஆள் எடுப்பது சுருங்கி, உள்நாட்டில் படித்து முடித்த பிள்ளைகளுக்கே வேலை இல்லை என்ற நிலை வந்தது. 2025 ஆகஸ்டில் அரசாங்கம் தலையிட்டுப் புதுப் பட்டதாரித் தாதியருக்கு வேலை உத்தரவாதம் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் ஊரில் நிலத்தை அடகு வைத்துத் தேர்வெழுதிக் காத்திருந்த வெளிநாட்டுப் பிள்ளைகளை நினைத்துப் பார்.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். 2022இல் இலங்கையில் டாலர் தீர்ந்து, மருந்துக்கே தட்டுப்பாடு வந்தபோது, அரசு ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுப்பில் வெளிநாடு போகலாம் என்று அரசாங்கமே சொன்னது. அனுப்புகிற பணம் நாட்டுக்கு வேண்டும். வார்டில் யார் நிற்பார்கள் என்ற கேள்வி பின்னால் வந்தது.

பாண்ட் விஷயத்தில் அவசரப்படாதே. இரண்டு வருடம் முடிவதற்கு முன்னால் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், போன மாதங்களுக்குக் கழிவு உண்டா, முழுத் தொகையா என்று ஒப்பந்தத்தை எடுத்துப் படி. உன்னோடு ஜாமீன் போட்டவர் உன் அப்பாவா மாமாவா என்பதையும் பார், நீ போன பிறகு கடிதம் அவர் வீட்டுக்குத்தான் வரும். சில நேரம் புது முதலாளியே அந்தத் தொகையைக் கட்டுவார், ஆனால் அங்கேயும் ஒரு பாண்ட் போடுவார். இரண்டு கையிலும் விலங்கு மாட்டிக்கொள்ளாமல், முடிந்தால் இரண்டு வருடத்தை முடித்துவிட்டு, அதற்குள் ஒரு போஸ்ட் பேசிக்கையும் முடித்துவிட்டுப் போ. அப்போது பேரம் பேசுகிற இடத்தில் நீ இருப்பாய்.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் எல்லோரையும் கூப்பிட்டு, நிலைமை சரியாகும் வரை சம்பளத்தில் 15 விழுக்காடு குறைக்கச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்து கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டுமாம். போடாவிட்டால் வேலை போய்விடும் என்று பயமாக இருக்கிறது. – பெயர் வேண்டாம், ஜார்ஜ்டவுன்

பதில்: கையெழுத்து கேட்கிறார்கள் என்பதிலேயே விடை இருக்கிறது தங்கச்சி. உன் சம்மதம் இல்லாமல் அவர்களாகக் குறைக்க முடியாது, முடியும் என்றால் எதற்குத் தாள்? போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனை உண்மையிலேயே தள்ளாடுகிறது, பத்து பேரை அனுப்புவதற்குப் பதிலாக எல்லோரும் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்வோம் என்றால் அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் "நிலைமை சரியாகும் வரை" என்பது என்ன தேதி? அதை எழுதித் தரச் சொல். மேலதிகாரிகளுக்கும் வெட்டு உண்டா? குறைப்பது அடிப்படைச் சம்பளத்திலா, அலவன்ஸிலா? அடிப்படைச் சம்பளம் என்றால் இபிஎஃப் என்கிற ஊழியர் சேமநிதி, ஓவர்டைம் கணக்கு, பின்னால் ஆட்குறைப்பு வந்தால் கிடைக்கும் இழப்பீடு எல்லாமே அதோடு சேர்ந்து இறங்கும். அலவன்ஸ் என்றாலும் அடி சின்னது என்று நினைத்துவிடாதே, தாளில் என்ன சொல் இருக்கிறது என்று பார்த்துக்கொள். தனியாகப் போய்க் கேட்காதே, வார்டுக்கு ஒருவர் என்று நாலைந்து பேராகப் போங்கள், கேள்விகளை எழுதிக் கொடுங்கள், வாட்ஸ்அப் குழுவில் முதலாளியைத் திட்டாதீர்கள், அது சரியாக அவர் கைக்குப் போய்விடும்.

அன்றைக்கே கையெழுத்து போடாதே, நகல் ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டு வா, வெள்ளிக்கிழமைக்கு முன்னால் லேபர் ஆபிசில் காட்டிக் கேள், அதற்குக் காசு வாங்க மாட்டார்கள். சங்கம் இருந்தால் சங்கத்தில் காட்டு. கையெழுத்து போடவில்லை என்ற காரணத்துக்காக வேலையை விட்டு நீக்கினால் 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும், அந்த 60 நாள் வேலை போன தேதியிலிருந்து ஓட ஆரம்பிக்கும், விடுமுறை நாளும் அதில் சேர்த்திதான்.